ஆளுக்குப் பாதி சைக்கிள்

ஜனவரி 6

தங்கச்சிக்கு,

இனி போனில் உன் குரலைக் கேட்கவே மாட்டேன் என்று அன்றைக்கு ரயில்நிலையத்தில் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். முன்னும் பின்னும் இரண்டு சீட்டுள்ள நம் ஜோடி சைக்கிளைக் கோபத்தில் நடுவில் கழற்றி, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு வந்தோம். அந்த அவசரத்தில் பாதி மாறிவிட்டது. பதினொரு வருஷமாக முன்னால் உட்கார்ந்து ஓட்டியவள் நான். ஆனால் முன்பாதி உன் வீட்டில் இருக்கிறது. உன் பின்பாதி இங்கே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் அத்தான் தினமும் காலையில் அதில் முட்டிக்கொண்டு, என்னைத் திட்ட முடியாமல் சைக்கிளைத் திட்டுகிறார்.

மலையடிவாரத்து ஸ்டேஷன் விடுதிக்கார அம்மா எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்கு நம் வழக்கமான அறையை வைத்திருக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இந்த வருஷம் பழைய ரயில் சுரங்கத்தைச் சுத்தம் செய்து சைக்கிள்களுக்குத் திறந்துவிடுகிறார்களாம். வருஷா வருஷம் அந்தக் குன்றின்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி இறங்கினோமே, இனி அந்தப் பாடு இல்லை. தண்டவாளம் கிடந்த இடமெல்லாம் புதுச் சரளை. இரண்டு முனையிலும் கல் தூண் நட்டிருப்பதால் மோட்டார் வண்டி ஒன்றுகூட உள்ளே வர முடியாது. அறுபது கிலோமீட்டருக்கு ஹாரன் சத்தமே கிடையாது.

நான் போவதாக முடிவு செய்துவிட்டேன். முன்பாதியை ரயில் பார்சலில் அனுப்பு. பின் சீட்டுக்கு ஆளா கிடைக்காது? வாயைத் திறக்காத ஆளாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன்.

பம்பு உன்னிடம் இருந்தால் அதையும் அனுப்பு.

அக்கா


ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறாய், அதில் கடைசி வரி பம்பு. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். எங்கள் பல் கூடத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். மீதிப் பாதி வரிசையில் நிற்கிறார்கள்.

முன்பாதியும் நலம். என் அறையில் சுவரோரமாக நிற்கிறது. ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் மழைக்கோட்டு, மறுபக்கம் குடை. நீ கேட்பதன் அழகைப் பார்த்தாயா? என் பாதியை உன்னிடமே வைத்துக்கொண்டு உன் பாதியையும் அனுப்பச் சொல்கிறாய்.

போன ஏப்ரலில் நடந்ததை நீ உனக்குச் சாதகமாக மறந்திருப்பாய் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். இடிந்த சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம்தான் விடுதிக்குப் போவது. "இடதுக்கா, இடது, இடது" என்று மூன்று முறை கத்தினேன். "எல்லாம் எனக்குத் தெரியும், பேசாம வா" என்று நீ நேராக விட்டாய். ஏழு கிலோமீட்டர் சர்ரென்று இறங்கிப் போய்க் கைவிடப்பட்ட கல்குவாரியில் நின்றோம். அங்கேயும், நான் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னையே திட்டினாய்.

அந்த ஏழு கிலோமீட்டரும் திரும்ப ஏற வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெடலில் காலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மிதிகூட மிதிக்காமல் வந்தேன். இரண்டு பெடலும் ஒரே செயினில் சேர்ந்து சுற்றுவதால் உனக்குத் தெரியவில்லை. மேலே வந்ததும் நானாகவே சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பாகப்பிரிவினை.

இப்போது என் நிபந்தனை. நானும் வருகிறேன், முன்பாதியையும் கொண்டுவருகிறேன். ஆனால் இந்த முறை முன் சீட்டு எனக்கு. பதினாலு வளைவுக் கல்பாலம் என்கிறார்கள், முந்நூறு வருஷத்துக் காவல்கோபுரம் என்கிறார்கள். பதினொரு வருஷமாக அந்தப் பாதையில் நான் கண்ட சரித்திரம் உன் பச்சை மழைச்சட்டையின் முதுகுத் தையல்தான். பின்னால் இருப்பவளுக்கும் ஒரு ஹேண்டில்பார் வைத்திருக்கிறார்கள், அது எந்தப் பக்கமும் திரும்பாது. சும்மா பிடித்துக்கொள்ள.

சைக்கிளில் மட்டுமா? எந்தப் பள்ளிக்கூடம், என்ன வேலை, யாரைக் கட்டிக்கொள்வது, எல்லாம் நீ ஓட்டினாய், நான் பின்னால் வந்தேன். கட்டிக்கொண்டவரை விட்டு வந்தது ஒன்றுதான் என் சொந்த முடிவு. அதற்கும் மறுவாரமே நீ இந்த ஜோடி சைக்கிளோடு வாசலில் வந்து நின்று, "ஏறு பின்னால" என்றாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் திருப்பிய பக்கம் வண்டி திரும்ப வேண்டும் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அத்தானின் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

தங்கை

பம்பு உன் பையில்தான் இருக்கிறது. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பார்.


ஜனவரி 20

தங்கச்சிக்கு,

பம்பு கிடைத்தது. அதற்காக நீ சொல்வதெல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை.

இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். ஒரு கீறல் கிடையாது. பனிமூட்டத்தில் ஓட்டியிருக்கிறேன், வெள்ளத்தில் ஓட்டியிருக்கிறேன், பின் சீட்டில் நாலு பையன்கள் ஒரே நேரத்தில் வாந்தி எடுக்கும்போதும் ஓட்டியிருக்கிறேன். நீ கடைசியாக ஓட்டியது என்ன? மூன்று சக்கர சைக்கிள். அதையும் பக்கத்து வீட்டுக் கதவில் மோதினாய்.

ஒரு வண்டிக்கு ஓட்டுநர் ஒருத்திதான் இருக்க முடியும். ஓட்டத் தெரிந்தவள் முன்னால், தெரியாதவள் பின்னால். இதில் அக்கா தங்கை என்பதற்கு வேலையே இல்லை. ஜோடி சைக்கிள் நீளமானது. வளைவில் முன்சக்கரம் தாண்டியதும் திருப்பினால் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும். சரளையில் பிரேக்கை நசுக்கினால் வழுக்கும். இறக்கத்தில் அது இரண்டு பேர் எடையோடு ஓடும். இது பல்லுக்கு மெழுகு வைக்கிற வேலை இல்லை.

அப்புறம் அந்த ஏழு கிலோமீட்டர். எனக்குத் தெரியவில்லை என்றா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? முதல் இருநூறு மீட்டரிலேயே தெரிந்துவிட்டது. ஏறுவது நான் ஒருத்தி, சுமை இரண்டு பேர், தெரியாமல் இருக்க நான் என்ன மரமா? "மிதிடீ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும். நாக்கு வெளியே தள்ள உன்னை மேலே வரைக்கும் இழுத்தேன். அதன்பிறகு நான்கு நாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. உன் அத்தானைக் கேட்டுப் பார்.

முன் சீட்டு கிடையாது. முன்பாதியை அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தெரிந்தே இழுத்தாயா? உன் கடிதத்தைப் பல் கூடத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கீழ்த்தாடை அச்சு விழுந்து உடைந்தது. ஒரு பெரியவரின் சிரிப்பு அதனால் ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. என் ஐம்பத்தெட்டு கிலோவை ஏழு கிலோமீட்டர் மேட்டில் வாயே திறக்காமல் இழுத்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னாய் அல்லவா? உன் முதல் கடிதம் வந்ததிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன். இங்கே பூங்காவில் ஜோடி சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் கூடத்தில் அச்சு வார்க்கும் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நாலு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். முதல் வாரம் வேலிச் செடிக்குள் போனோம். இரண்டாவது வாரம் அதே வேலிக்குள் வேறு பக்கமாகப் போனோம். மூன்றாவது வாரம் பூங்காவை முழுதாக ஒரு சுற்று. நாலாவது வாரம் அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து பின்னல் போட ஆரம்பித்துவிட்டார்கள். இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

இன்னொரு விஷயம். இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். போனில் பேசமாட்டேன் என்று நீதான் சொன்னாய், டிப்போ சொல்லவில்லை. அதனால் ஏப்ரலில் உனக்கு லீவு கிடைக்குமா என்று டிப்போவுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "டிரைவரம்மாவா? அவங்க இப்போ வண்டி எடுக்கிறதில்லையே. நவம்பர்லேர்ந்து ஆபீஸ்லதான் இருக்காங்க" என்றாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். "பச்சை மழைச்சட்டை போடுவாங்களே, அவங்கதானே?" என்று கேட்டாள்.

என்ன நடந்தது அக்கா? யாராவது புகார் கொடுத்தார்களா? முழங்காலா, முதுகா? இருபத்தாறு வருஷக் கதையை இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் என் மூக்கில் குத்துகிற மாதிரி எழுதினாய். இப்போது ஓட்டவில்லை என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை?

உண்மையைச் சொல். சண்டையை அப்புறம் தொடரலாம்.

தங்கை


பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

டிப்போவுக்கெல்லாம் போன் போடச் சொன்னது யார்? சரி, போட்டாகிவிட்டது. சொல்கிறேன். ஒரே தடவைதான் சொல்வேன்.

நவம்பரில் வருஷாந்திரக் கண் சோதனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் மினுக்கும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே மினுக்கவில்லை. "மெஷின் ரிப்பேரா டாக்டர்?" என்று கேட்டேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார்.

இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டதாம். நேராகப் பார்த்தால் கடைசி வரி எழுத்துவரை வாசிப்பேன். இடது ஓரம் மட்டும் இல்லை. இருட்டாக இருந்தால் தெரிந்திருக்கும், அப்படியும் இல்லை. அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இனிமேல் போகாது என்றார்.

அன்றைக்கே டிப்போவுக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். என் வண்டியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டினேன் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று ராத்திரியில் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நேர அட்டவணை போடுகிறேன். உட்கார்ந்திருப்பது சுழல் நாற்காலி. நாளெல்லாம் நான் திருப்புவது அது ஒன்றைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுங்கச்சாவடியில் நீ இடது என்று கத்தியது எனக்குக் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. ஆனால் இடது பக்கம் பாதையே இல்லை. என் கண்ணுக்கு வெறும் சுவர்தான் இருந்தது. பாதை தெரியாமல் உளறுகிறாய் என்று நினைத்தேன். கிண்ணத்துக்குள்ளிருந்து முகத்தை எடுத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பஸ் இல்லை, அந்தச் சுவர்தான். நீ சரியாகச் சொன்னாய். தப்பு என்னுடையது. நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், அதனால் எழுதவில்லை.

நீ முன் சீட்டு கேட்டபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். என் கையால் பிடித்துத் திருப்ப மிச்சம் இருப்பது அந்த ஹேண்டில்பார் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுதும்போது அழுது வழிந்து எழுதாதே. எனக்குப் பிடிக்காது.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

அழவில்லை. எழுத்து கலைந்திருக்கிறதே என்றால் அது மேசைமேல் சிந்திய தண்ணீர்.

முன்பாதியை இன்று காலையில் பார்சலில் போட்டுவிட்டேன். ஹேண்டில்பாரைத் துணியில் சுற்றியிருக்கிறேன், பிரேக் கம்பியை மடக்காமல் பிரி. நீயே முன்னால் உட்கார். அங்கே காரும் இல்லை, லாரியும் இல்லை. இடது பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். இந்தத் தடவை காது கிழியும்படி கத்துகிறேன்.

முன் சீட்டு கேட்டதை மறந்துவிடு. எனக்கு என்ன, பின்னால் உட்கார்ந்து பழக்கம்தானே.

தங்கை


பிப்ரவரி 18

தங்கச்சிக்கு,

நீ ஒரு அவசரக்குடுக்கை என்பது எனக்குத் தெரியும். நானும் அதேதான் என்று உன் அத்தான் சொல்கிறார். முன்பாதி நேற்று வந்து சேர்ந்தது. நீ அதை அனுப்பிய அதே பதின்மூன்றாம் தேதி, நான் இங்கிருந்து பின்பாதியை உனக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் வந்திருக்கும். நடுவழியில் எங்கேயோ இரண்டு பாதியும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. பத்து மாதம் சண்டை போட்டு, மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் மறுபடியும் ஆளுக்குப் பாதி. பார்சல் ஆபீஸ்காரர் "ஏம்மா, முழுசா அனுப்ப மாட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். கண் விஷயம் எழுதிய கடிதத்தை உனக்குப் போட்டுவிட்டு வரும்போது டிப்போ வாசலில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். புது டிரைவரை மேலும் கீழும் பார்த்தேன். நல்ல பிள்ளை, கண்ணாடியைச் சரியாக வைத்திருந்தான். அப்போது என்னையே ஒரு கேள்வி கேட்டேன். என்னைப் போல இடது ஓரம் தெரியாத டிரைவரை நம்பி ஒரு பிள்ளையை ஏற்றி அனுப்புவேனா? மாட்டேன். யோசிக்கவே வேண்டியதில்லை, மாட்டேன். அப்படியானால் என் தங்கச்சியை மட்டும் ஏற்றலாமா?

கார் இல்லை, லாரி இல்லை, சரி. பாலத்துக்குப் பக்கத்தில் இடது பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறதே, அது என்ன? நீ பாவம் பார்த்துக் கொடுக்கும் சீட்டு எனக்கு வேண்டாம். பழக்கம்தானே என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நீ முன்னால் உட்கார். இது உனக்காக விட்டுக்கொடுப்பது இல்லை. இருபத்தாறு வருஷம் ஓட்டியவள் பார்த்துச் சொல்கிற முடிவு. இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார், கண் போகிற இடத்துக்கு வண்டி போகும். வேலிச் செடியைப் பார்த்தால் வேலிச் செடிக்குத்தான் போகும், அது உனக்கே தெரியும்.

விடுதிக்கார அம்மாவுக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் இருக்கும் பாதியை நீ கொண்டுவா, என்னிடம் இருப்பதை நான் கொண்டுவருகிறேன். அங்கேயே வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பின்பாதி வந்தது. கூடவே அத்தானின் ஒரு செருப்பும் வந்தது. அதை எப்படிப் பொதிந்தாய் என்று புரியவில்லை. ஏப்ரலில் கொண்டுவருகிறேன், அதுவரை அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

கேட்டுக் கேட்டுக் கிடைத்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. பாவம் பார்த்தேன் என்று நீ எழுதியது நிஜம்தான். மன்னித்துக்கொள். இனி பார்க்கமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? பூங்காவில் சறுக்கினால் வேலிச் செடி. அங்கே சறுக்கினால் பள்ளத்தாக்கு. பின்னால் இருப்பது அச்சு வார்க்கும் அம்மா இல்லை, நீ. உன்னைக் கீழே போட்டுவிட்டால் உன் வாயிலிருந்து வருவதை யார் கேட்பது?

அத்தனை வருஷம் முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நீ காலையில் கிளம்பும்போது உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நீ சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை.

மூட்டுத் திருகுகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். ஞாயிறு, திங்கள், புதன் என்று வாரத்துக்கு மூன்று நாள் பழகுகிறேன். பின்னல் போடும் அம்மா ஒரு முழு கம்பளிச் சட்டையை முடித்துவிட்டார்கள்.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். செருப்பைப் பார்த்ததும் உன் அத்தான் என்னைவிட அதை அதிக அன்போடு வரவேற்றார். போன் தடையை எடுத்துவிட்டேன், நேற்றுத்தான் ஒரு மணி நேரம் பேசினோம். ஆனாலும் இதை எழுதத்தான் முடியும், பேச வராது.

முதலில் ஒரு புகார். பின் சீட்டிலிருந்து என் முதுகு மட்டும்தான் தெரியும் என்று எழுதினாய். பொய். எல்லாம் தெரிகிறது. கையைக் கட்டிக்கொண்டு, தலையை முழுசாகத் திருப்பி, ஆற அமரப் பார்க்கலாம். இடது ஓரம் தெரியாவிட்டால் என்ன, கழுத்து இருக்கிறதே. காவல்கோபுரத்தில் ஒரு மரம் முளைத்திருக்கிறது. பாலத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் மேலே, கைப்பிடிச் சுவரில் கொத்தனார் ஒரு அடையாளம் செதுக்கியிருக்கிறார், மீன், சுத்தியல், நட்சத்திரம். பதினொரு வருஷம் அதன்மேல் போயும் நான் பார்த்தது முன்னால் கிடந்த இருபதடிச் சரளை.

சுங்கச்சாவடியில் இடது பக்கம் பாதை இருந்தது. அகலமான பாதை. என் பஸ்ஸே போகலாம். நீ பாட்டுக்குத் திருப்பினாய், குத்திக்காட்டாமல் விட்டதற்கு நன்றி. நானாக இருந்தால் நிறுத்திக் காட்டியிருப்பேன்.

சுரங்கத்துக்குள் உனக்கும் எனக்கும் ஒரே பார்வைதான். நீ ஹாரன் மாதிரி கத்த, சுரங்கம் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்த, எதிரே வந்த கிழவர் சைக்கிளைவிட்டு இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவருக்கு இப்போது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் வந்த இறக்கம். புதுச் சரளை, கால் வைத்தாலே உருளும். நீ பிரேக்கை நசுக்கினாய், பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்தது. என் கை தானாக அந்தத் திரும்பாத ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்த்தது. பிரேக்கைத் தேடியது. பின்னால் பிரேக் இல்லை. "விடு, விட்டுப் பிடி" என்று கத்த வாய்வரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் நீ பயந்து இன்னும் நசுக்கியிருப்பாய். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்துக்கொண்டேன், இன்னும் சூடாக எதுவும் குடிக்க முடியவில்லை. நீயே விட்டாய், பிடித்தாய், மறுபடி விட்டாய். உன் தோள் இறங்கியது, தலை நிமிர்ந்தது. தூரத்தில் பார்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று புரிந்தது. அப்புறம் சும்மா ஓடினோம். காற்று அடித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் பிடிக்காமல், எதையும் பார்த்துக்கொள்ளாமல், ஒருத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த இறக்கம் முழுக்க நான் அழுதேன். துக்கம்தான் என்று சொல்லமுடியாது, பஸ்ஸும் அதில் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. பாலத்துக்கு வருவதற்குள் காற்றில் காய்ந்துவிட்டது. நீ திரும்பி "எப்படிக்கா ஓட்டினேன்?" என்று கேட்டபோது "பரவாயில்லை" என்று சொன்னேன். பரவாயில்லை இல்லை. நன்றாக ஓட்டினாய். பின் சீட்டை இனி நான் வைத்துக்கொள்கிறேன், திருப்பித் தர மாட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது, பின்னால் இருப்பவள் அழுதால் முன்னால் இருப்பவளுக்குத் தெரியாது. அதிலிருந்து ஒரே யோசனை. பதினொரு வருஷம் நீ எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நீ அழுததுண்டா? எழுது. போனில் கேட்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை.

முதலாவது, நீ பாதை நடுவில் நின்ற ஆட்டிடம் "சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்" என்று சொன்ன அன்று. அது சிரிப்பில் வந்த கண்ணீர், ஆனால் ஆடு வழிவிட்ட பிறகும் நிற்கவில்லை. கணக்கில் சேர்த்துக்கொள். இரண்டாவது, கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் கண்ணில் பூச்சி விழுந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்றாவது, நாம் முதன்முதலில் போன வருஷம். அவரை விட்டு நான் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முதல் மேட்டில் ஏறும்போது, டிப்போவில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதையை நீ மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டே மிதித்தாய். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன், அதனால் மிதிக்கவும் மறந்துபோனேன். கொஞ்ச நேரத்தில் நீ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை. என்ன என்று கேட்கவில்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டினாய். நான் வாங்கிக் குடித்து முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை நீ ஒருத்தியே மிதித்தாய். அப்புறம் மறுபடி தாழ்ப்பாள் கதைக்குப் போனாய்.

உனக்குத் தெரிந்துதான் நீட்டினாய் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தற்செயலாக நீட்டியதாக இருந்தால், தயவுசெய்து அதை மட்டும் எழுதிவிடாதே.

தங்கை